ஃப்ளூரினின் பிடி

என் உயிர் நைனாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். விளக்கைப் போட்டால் எழுந்துவிடுவாள் என்று போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நாளைக் காலை அம்மா உன் பட்டறையில் சேர்கிறாள். அம்பத்தூரில் நீ கண்ணாடிக் கதவுகளில் ஆசிட்டால் பூப்போட்ட அதே மேசையில். சாயந்திரம் மேஸ்திரி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"க்ளவுஸு போட்டா பிரஷ்ஷு வழுக்கும்க்கா. அண்ணன் வெறுங்கையிலதான செஞ்சாரு, அவருக்கு இன்னா ஆச்சு?"

அம்மா சிரித்தாள். "அந்த மனுஷன் கோலம் போட்டா கோழி கிறுக்குனாப்புல இருக்கும். அவரே பூ போட்டாருன்னா நான் போட மாட்டனா?"

உனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு மட்டும்தான் தெரியும், நைனா.

போன தை மாதம், தொடையில் ஆசிட்டைக் கொட்டிக்கொண்டு வந்தாய். பேண்ட் ஈரமாக இருக்கிறதே என்று கேட்டேன். "கக்கூஸ் கழுவுற ஆசிட்னா சுர்ருன்னு புடிக்கும் பாப்பா. இது சாது, எரியவேயில்ல. அம்மாகிட்ட சொல்லிக்கினு திரியாத, வேலைய உடச் சொல்லும்." ராத்திரி வலிக்கிறது என்றாய். தைலம் எடுத்துக் கொடுத்தேன். விடிவதற்குள் போய்விட்டாய். மாரடைப்பு என்றார்கள். நான் வாயே திறக்கவில்லை.

இந்த வாரம் வகுப்பில் எலக்ட்ரான் கவர்தன்மை நடத்தினார்கள். பிணைப்பில் இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டாலும், ஒன்று தன் பக்கம் அதிகமாக இழுக்கும். எல்லாவற்றையும்விட பலமாக இழுப்பது ஃப்ளூரின். கண்ணாடியை அரிக்கும் உன் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட்டில் இருப்பது அதுதான். ஹைட்ரஜனை இறுக்கிப் பிடித்து எளிதில் விடாது. அதனால் அந்த ஆசிட் வலிமை குறைந்த அமிலம் என்கிறது புத்தகம். மீதியை போனில் தேடினேன். மேலே எரிக்காமலே தோலுக்குள் இறங்கி, இரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். பிறகு இதயம் தடுமாறுமாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்து உண்டாம்.

அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன், தெரியுமா?

சொன்னால், "அன்னிக்கே ஏன்டி சொல்லல?" என்று அம்மா கேட்பாள். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்ப்பாளா? சொல்லாவிட்டால் ஏழு மணிக்கு டிபன் டப்பாவோடு கிளம்பிவிடுவாள்.

பயமாக இருக்கிறது நைனா. ஆனாலும் அவள் பல் விளக்குவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், தைலம் கொடுத்தது வரைக்கும். அடித்தாலும் சரி, பேசாமல் போனாலும் சரி, வாசலை விட்டு நகர மாட்டேன்.

உன் பேச்சை முதல்முறையாக மீறப்போகிற
உன் பாப்பா