கத்தி டாக்டர் விட்ட முடிச்சு

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகம் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. மறைப்பதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்பது இன்னும் கொஞ்சம் படித்தால் உனக்கே தெரியும். நீ சின்ன வயதிலிருந்தே கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள், அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது திரும்பி வரவில்லை. டாக்டர் காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். இப்போது மூச்சு விட்டுக்கொண்டு மேலே படி.

போன மாதம் குளிக்கும்போது மார்பில் ஆபரேஷன் செய்த பக்கம், தழும்புக்கு மேலே, கடுகு போல ஒன்று கையில் தட்டியது. நாலு வருஷம் மூன்று மாசம் கழித்து மறுபடியுமா என்று குழாயைக்கூட மூடாமல் நின்றேன். எதுவானாலும் அன்றைக்கே சொல்வேன் என்று உன்னிடம் சத்தியம் செய்தது ஞாபகம் இருக்கிறது, எனக்கு எதுதான் ஞாபகம் இல்லை. இருந்தாலும் சொல்லவில்லை. வளர்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்து அதைச் சுற்றி வட்டம் போட்டு, டேப்பை வைத்து அளந்தேன். தினமும் குளித்ததும் வட்டம் அழியும், தினமும் புதிதாகப் போடுவேன். முதல் நாள் வட்டம் சட்டைப் பொத்தான் அளவு, பதினோராம் நாள் கோட்டுப் பொத்தான் அளவு. அப்போதுதான் அப்பாவிடம் சொன்னேன். அந்த மனுஷன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "பதினோரு நாளா நீ யாரையுமே திட்டலையே, எனக்கு அப்பவே சந்தேகம்" என்கிறார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் எனக்கு முன்னால் பெஞ்சில் உன் அத்தை உட்கார்ந்திருக்கிறாள். அப்பா அவளுக்குப் போன் செய்திருக்கிறார், தங்கை பாசம். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் பழையது வந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஜன்னலோரக் கட்டில், நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "இனிமே அண்ணிக்கு எதுக்குப் புதுத்துணி, இருக்கிறதே போதும்" என்று நர்சிடம் சொன்னவள் அவள். ஊருக்கெல்லாம் புதுத்துணி தைக்கிறவளைப் பார்த்து! நாலு வருஷமாக அவள் கொண்டு வரும் துணியெல்லாம் தைத்துத்தான் கொடுத்தேன், ஒன்றுக்கும் பாக்கெட் மட்டும் வைக்கவில்லை. இன்றுவரை ஏன் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ஊசி குத்திச் சதை எடுக்கும்போது அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வலித்ததற்கு அவள் அழுதாள். வெளியே வந்து, "அண்ணி, நான் வாய்த்துடுக்குல ஏதாவது சொல்லியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். பாதி மன்னித்துவிட்டேன். மீதிக்கு அடுத்த பரிசோதனைக்கும் கூட வரட்டும், பார்க்கலாம்.

நாலு நாள் கழித்து முடிவு வந்தது. அந்த நாலு நாளில் ஒரு சட்டைக்கு ஒரே பக்கத்தில் இரண்டு கையும் வைத்துத் தைத்தேன் என்றால் பார்த்துக்கொள். நமது கத்தி டாக்டர், அவர்தான் அன்றைக்கு ஆபரேஷன் செய்தவர், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "உள்ள போட்ட தையல் நூலோட முடிச்சும்மா, உடம்பு அதைச் சுத்திக் கெட்டியாயிடுச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றார். எனக்கு அழுகை, சிரிப்பு, கோபம் மூன்றும் ஒன்றாக வந்தது, கோபம்தான் முதலில் வெளியே வந்தது. "டாக்டர், முப்பத்தெட்டு வருஷமா தைக்கிறேன், ஒரு கைக்குழந்தை சட்டையிலகூட உறுத்துற மாதிரி முடிச்சு விட்டதில்ல" என்று சொல்லிவிட்டேன். நர்சு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வளர்ந்ததே என்று கேட்டேன். அவர் வட்டத்தைப் பார்த்து, என் பையிலிருந்த சாக்பீஸை வாங்கிப் பார்த்து, "முனை மழுங்க மழுங்க வட்டம் பெருசாகும்மா, கட்டி அப்படியேதான் இருக்கு" என்றார். தையல்காரிக்கு அது தோன்றவில்லை பார், பயம் வந்தால் கைத்தொழிலே மறந்துவிடுகிறது.

இனி வராதா என்றும் கேட்டேன். "வராதுன்னு எழுதித் தர முடியாது, ஆனா தடவிப் பார்த்தீங்களே அது சரி, பதினோரு நாள் வச்சிருந்தீங்களே அது தப்பு" என்றார். மாத்திரை தொடர்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனையும் தொடர்கிறது. வருமா வராதா என்று அது நம் வீட்டு வாசலில் நிற்கத்தான் செய்யும், நிற்கட்டும், நான் வேலையைப் பார்க்கிறேன். உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். இந்த நாலு வருஷமாக அடுத்த பரிசோதனைக்குப் பிறகு கொடுக்க வேண்டிய துணி எதையும் நான் தைக்க வாங்கியதில்லை, நூலும் சின்னக் கண்டாகத்தான் வாங்குவேன். முந்தாநாள் பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டரை ஒத்துக்கொண்டேன், அடுத்த வருஷத்துக்கு, நூற்றிருபது சட்டை. பெரிய நீல நூல்கண்டு கேட்டதும் நூல்கடைக்காரர், "என்னக்கா, கடையையே வாங்கப் போறீங்களா" என்றார்.

உனக்கு நாற்பது முடிந்துவிட்டது, எனக்கு வந்ததால் நீயும் காட்டிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் அன்றே சொன்னார். போன வருஷம் நேரமில்லை என்றாய், தேதிகூடச் சொல்வேன். இந்த மாதமே போ, போன அன்றே எனக்கு எழுது. என்னைப் போலச் சாக்பீஸ் தேடாதே.

பேத்திக்கு ஒரு கவுன் அனுப்பியிருக்கிறேன், அந்த நீல நூலில்தான் தைத்தேன், பாக்கெட் இரண்டு வைத்திருக்கிறேன். அடியில் மூன்று வருஷத்துக்கு வளர மடிப்பு விட்டிருக்கிறது. எல்லோரும் நோய் நொடியில்லாமல் நல்லா இருங்கள். அவள் உயரம் கூடக் கூட அளவை மட்டும் எழுது. மடிப்பில் நீ கை வைக்காதே, நான் வந்து பிரித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அம்மா