தலையில்லாத தீக்குச்சிகள்

ஸ்டேஷன் மாஸ்டரே,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். நேத்து சண்டை இன்னும் முடியல, அதனால எழுப்பாம எழுதி வெச்சிட்டுப் போறேன்.

காலையில அடுப்பு பத்த வைக்கலாம்னு தீப்பெட்டியைத் திறந்தா, ஒரு குச்சிக்கும் தலை இல்ல! உங்க பொம்மை ரயில் பாதையில கேட்கீப்பர் வீட்டுக்குத் தீக்குச்சியில வேலி போட்டீங்க, சரி. மிச்சமான மொட்டைக் குச்சியையெல்லாம் திரும்ப அதே பெட்டியில அடுக்கி வெச்ச புத்திசாலி உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான். இன்னைக்கு உங்களுக்கு வெறும் ரொட்டிதான். பசை டப்பா பக்கத்துல வெண்ணெய் இருக்கு, பாத்துத் தடவுங்க.

சாயங்காலம் உங்க அக்கா வர்றாங்க. சாப்பாட்டு மேசையில இருக்கிற தண்டவாளத்தைக் கழட்டிடுங்க. போன தடவை அவங்க தட்டைச் சுத்தி கூட்ஸ் வண்டி விட்டதே போதும்.

உங்க பெண்டாட்டி

பி.கு: புதுத் தீப்பெட்டியை ஒளிச்சு வெச்சிருக்கேன். தேடாதீங்க.

இன்னொண்ணு: கேட்கீப்பர் வீட்டுச் சமையலறைக்கு ஜன்னலே வைக்கலையே! அவர் பெண்டாட்டி புகையில கிடந்து சாகணுமா? நகம் வெட்டுற கத்திரியால அட்டையை வெட்டி நானே ஒண்ணு வெச்சுட்டேன். விரல் பட்டாலே திறக்குது. நேத்து நான் உங்ககிட்ட கேட்டதும் இதேதான். அளவு மட்டும் கொஞ்சம் பெரிசு.