இருபத்து மூன்றாம் நாள் தரைக்கு அடியில் இருக்கிறது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. முதலில் இந்தக் கோணல் எழுத்துக்கு என்னை மன்னித்துக்கொள். வரிகள் மேலே ஏறும், கீழே இறங்கும், சில இடங்களில் அடித்திருப்பேன், அழுத்தி எழுதியதில் தாள் ஓட்டையாகியும் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. இங்கே நானும் அம்மாவும் அண்ணனும் சௌக்கியம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். இவ்வளவு நாள் உனக்கு வந்த கடிதம் எல்லாம் அம்மா எழுதியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவும் நலம்னு போடு என்பேன், அவள் போடுவாள், அத்தோடு என் பங்கு முடிந்துவிடும். இது அப்படி இல்லை. இதை எழுதுவது நானேதான். சந்தேகமாக இருந்தால் அம்மாவைப் போனில் கேட்டுக்கொள். உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அவளிடம் பத்து மாதம் முன்பே சத்தியம் வாங்கிவிட்டேன். அவள் வயிற்றில் எந்த ரகசியமும் ஒரு பொழுது தங்காது என்று உனக்குத் தெரியும், இதைத் தங்கவைக்க அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பத்து மாதமாக நம் தெருக்கோடி நூலகத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் எழுத்து வகுப்புக்குப் போகிறேன். வகுப்பு எடுப்பது நூலகரம்மா, உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள் இருப்பாள். கோடை வந்ததும் நூலகத்துக்கு வருகிற எல்லோருக்கும் அவள் ஒரு சவால் வைத்தாள். நாற்பது நாள், ஒரு நாள் விடாமல் எழுத வேண்டும். எவ்வளவு, என்ன என்பதெல்லாம் அவரவர் இஷ்டம், ஆனால் தன் இலக்கைத் தானே ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் குத்திவிட வேண்டும். நோட்டில் தேதி போட்டு எழுதியதை மறுநாள் காலை அவளிடம் காட்ட வேண்டும், ஒரு நாள் தவறினால் அட்டை இறங்கிவிடும். கல்லூரிப் பெண்கள் தினம் ஒரு கதை என்று எழுதினார்கள். தையல்கார அம்மா, என் மாமியாரைப் பத்தி எழுதப்போறேன், நாற்பது நாள் பத்தாது என்றாள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வருகிறார், எதற்கெடுத்தாலும் நேரமாச்சு நேரமாச்சு என்பதால் அவருக்கு நேரமாச்சு சார் என்றே பெயர், அவர் தினம் நான்கு பக்கம் சுயசரிதை என்று போட்டார். நான் மூன்று இலக்கு எழுதினேன். தினம் ஒரு வரியாவது எழுதுவேன். யாரையும் பார்த்து எழுத மாட்டேன். நாற்பதாம் நாள் என் மகளுக்குக் கடிதம் முடித்திருப்பேன். இந்த மூன்றை எழுதவே எனக்கு ஒரு முழு மாலை ஆனது. நேரமாச்சு சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு வரியா, அது ஒரு இலக்கா பெரியவரே என்றார். சார், உங்களுக்கு நாலு பக்கம், எனக்கு ஒரு வரி, ரெண்டு பேருக்கும் இடுப்பு ஒரே மாதிரிதான் வலிக்கும் என்றேன். தையல்கார அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

வெளியே சிரித்தேனே தவிர உள்ளே எனக்குப் பயம். இது எனக்கு ஐந்தாவது தடவை. முதல் மூன்று தடவையும் எழுத்துப் படிக்க ஆரம்பித்து வேலை, களைப்பு என்று விட்டேன். நான்காவது தடவை உனக்கு ஞாபகம் இருக்கும். ஐந்தாம் வகுப்பில் இருந்தாய், எனக்கென்று ஒரு நோட்டு வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். மூன்றாம் நாள் ஒரே எழுத்தை ஏழு முறை தப்பாகப் போட்டேன், நீ சிரித்தாய், குழந்தைச் சிரிப்புதான், நான் நோட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அதன் பிறகு நீ கேட்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அதனால்தான் அட்டையில் உன்னைப் போட்டேன். அந்த அட்டை இறங்கினால் இந்த முறையும் விட்டுவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும், ஆறாவது தடவைக்கு வயதும் இல்லை.

ஆரம்பத்தில் வரி கோணினால் பக்கத்தையே கிழித்துவிடுவேன். நாற்பது வருடம் டைல்ஸ் ஒட்டியவன் இல்லையா, நூல் பிடித்த வரிசையில் ஒன்று விலகினாலும் வரிசையையே பெயர்த்து ஒட்டித்தான் பழக்கம். ஒன்பது நாளில் பாதி நோட்டு காலி. நூலகரம்மா பார்த்துவிட்டு, ஐயா, இது தரை இல்லை, அடிச்சிட்டு மேல போங்க, யாரும் தடுக்கி விழ மாட்டாங்க என்றாள். அதற்குப் பிறகுதான் எழுத்து ஓடத் தொடங்கியது. இருபத்திரண்டு நாள் தப்பாமல் போனது.

இருபத்து மூன்றாம் நாள் காலை மேஸ்திரி போன் செய்தார், என்னிடம் வேலை கற்றவர், மூக்கின் மேல் கோபம் வரும் அவருக்கு. பல் டாக்டர் வீட்டு மாடியில் கிளினிக், காத்திருக்கும் அறைக்கு நடுவில் பூ வடிவம், ஒட்டுகிறவருக்குக் கை வெட்டிக்கொண்டது, மறுநாள் திறக்க வேண்டும், அண்ணே ஒரே ஒரு நாள் என்றார். முழங்காலோட போய்த் தரையில உக்காரப்போறீங்களா, எழுந்திருக்க யாரைக் கூப்பிடுவீங்க என்று அம்மா கத்திக்கொண்டே இருந்தாள், நான் கிளம்பிவிட்டேன். அவசரத்தில் நோட்டை எடுக்கவில்லை. சாயங்காலம் பூவின் நடு டைல்ஸுக்கு வரும்போதுதான் அன்றைய வரி நினைவுக்கு வந்தது, வீடு போக எந்நேரம் ஆகுமோ தெரியாது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன், எதிரே இருந்த சிமெண்ட் தளத்தில் எழுதினேன். டைல்ஸ் வந்த அட்டைப்பெட்டி பக்கத்திலேயே கிடந்ததே, அதில் எழுதக் கூடாதா என்று நீ கேட்பாய், அம்மாவும் அதைத்தான் கேட்டாள். தோன்றவில்லை. பென்சிலை எடுத்தால் என் கை தரைக்குத்தான் போகும். எழுதி முடித்ததும் மனசு நிறைந்துபோனது, மேலே டைல்ஸை ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை நூலகத்தில் நோட்டைத் திறந்தால் இருபத்து மூன்றாம் நாள் பக்கம் வெறுமையாக இருந்தது. பக்கம் எங்கே என்றார் நேரமாச்சு சார். தரைக்கு அடியில் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நூலகரம்மாவுக்குச் சங்கடம், இப்பவே எழுதி நேத்து தேதி போட்டுடுங்க ஐயா என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை, எழுதாத தேதியைப் போட்டுச் சுவரில் நிற்கும் அட்டை எனக்கு எதற்கு. சார் விடவில்லை, விதி விதிதான், இறக்குங்க அட்டையை என்றார். சாயங்காலம் வரை பொறுங்க என்றாள் அவள். நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது மேஸ்திரியின் போன். அண்ணே, நடு டைல்ஸைத் தட்டினேன், காலி டப்பா மாதிரி சத்தம் வருது, நீங்க ஒட்டினதா இது என்று ஒரே கூச்சல். எனக்கு முகம் சுண்டிவிட்டது. டைல்ஸின் முதுகு முழுக்கக் கலவை தடவ வேண்டும், நான்கு மூலையில் மட்டும் வைத்து ஏமாற்றுகிறவனை வாழ்நாளெல்லாம் திட்டியவன் நான். அன்று நான் அதையேதான் செய்திருந்தேன், எழுத்தின் மேல் கலவையை அப்பக் கை வரவில்லை, நான்கு மூலையில் மட்டும் வைத்து மெதுவாக மூடியிருந்தேன். திருட்டுத்தனம் என்று தெரிந்துதான் செய்தேன்.

நானும் வரேன், பார்த்துடணும் என்று நேரமாச்சு சார் குடையை விரித்துக்கொண்டு என் கூடவே நடந்தார். மேஸ்திரி ஓரத்தில் உளியை விட்டு நெம்பினார், டைல்ஸ் முழுசாகக் கழன்று வந்தது. நான்கு மூலையில் நான்கு உருண்டைக் கலவை, நடுவில் என் வரி, ஒரு எழுத்துக்கூடக் கலையாமல். சார் கைக்குட்டையை விரித்து மண்டி போட்டு உட்கார்ந்து சத்தமாகப் படித்தார். இருபத்து மூன்றாம் நாள், இன்று வேலைக்கு வந்தேன், முழங்கால் வலிக்கிறது, கை நன்றாக இருக்கிறது. அந்த அறையில் மேஸ்திரி, டாக்டர், வெள்ளையடிக்கிறவர்கள் இரண்டு பேர், எல்லோரும் கேட்டார்கள் மகளே, நான் எழுதியதை இன்னொருவர் வாய்விட்டுப் படிக்க நான் நின்று கேட்டேன். மேஸ்திரிக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை, அண்ணே நீங்களா எழுதினது, நீங்களா எழுதினது என்று நான்கு தடவை கேட்டார். சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, என் வரிக்குக் கீழே அதே சிமெண்டில், பார்த்தேன் என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு முதுகு முழுக்கக் கலவை தடவி நானே ஒட்டினேன். தட்டிப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. நூலகத்துக்குத் திரும்பியதும் சார் வாசலிலிருந்தே, இறக்காதீங்க, நான் சாட்சி என்று கத்தினார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லையாம்.

இன்று நாற்பதாம் நாள். ஆறு நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், முன்னறை மேசையில் என்னைத் தவிர யாரும் உட்காரக் கூடாது என்று உத்தரவு. அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துத் திருத்த வந்தாள், விடவில்லை. அண்ணனுக்கு ரொட்டிக் கம்பெனியில் பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது, முகம் தெளிந்திருக்கிறது. அம்மாவுக்குக் கண்ணில் புரை என்றார்கள், அடுத்த மாதம் எடுத்துவிடலாம், நீ கவலைப்பட்டு ஓடி வராதே. நீ ஆய்வுக்கூடத்தில் நின்றபடியே சாப்பிடுகிறாயாம், பத்து நிமிஷம் உட்கார்ந்து சாப்பிட்டால் எந்தக் குழாயும் வெடித்துவிடாது.

நீ எல்லா நலமும் பெற்று, நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. பதில் போடும்போது உறையின் மேல் அம்மா பெயரை எழுதாதே, என் பெயரை எழுது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு. அதை நான் பிரிப்பேன், முதலில் நான் படிப்பேன், அம்மாவுக்கு நான் படித்துக் காட்டுவேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். சவால் இன்றோடு முடிகிறது, என் எழுத்து முடியாது, உன் பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் உனக்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய
உன் அப்பா