ராணியின் சுமைதாங்கி

ஜீயபுரம்

அன்பு மகன் முருகானந்தத்துக்கு அம்மா எழுதுவது. நான் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன், மஸ்கட்டில் நீயும் மருமகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் காவேரித் தாய் துணை. வாழைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. பேத்தி தமிழில் தன் பேரை எழுதி அனுப்பியதைத் தெருவுக்கே காட்டினேன், அஞ்சாவது படித்தவளின் பேத்தி அல்லவா.

அக்கா சுமைதாங்கியைப் பற்றிக் கேட்டிருந்தாய். மனசைத் திடப்படுத்திக்கொண்டு படி. வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்கு அந்தப் பாரம் இறங்கட்டும் என்று ரோட்டோரம் நாம் நட்ட கல் பொரிப்பொரியாக உதிர்கிறது தம்பி. நான் கரியால் எழுதிக் கொடுத்து அதன்மேல் உளி வைத்து வெட்டிய பேரில் 'விஜய' போய்விட்டது, 'ராணி' மட்டும் இருக்கிறது. தடவினால் கையில் மாவாக வருகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து கல் வேலை பார்க்கும் ரெங்கராஜை அழைத்துவந்து காட்டினேன். லாரி, பஸ் புகை கறுப்பாகப் படிந்து மேல்தோலை அரிக்கிறதாம், அதோடு மேலே வைக்கும் மூட்டையிலிருந்து சிந்தும் உப்பு மழைத்தண்ணீரில் கரைந்து கல்லுக்குள் இறங்கி, வெயிலில் காய்ந்து கட்டியாகும்போது உள்ளேயிருந்து தள்ளுகிறதாம். "மறுபடி வெட்டுனா மொத்தமும் கொட்டிரும்மா, உப்பு மூட்டைய வைக்க விடாதீங்க, இல்லேன்னா கல்ல வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போயிருங்க" என்றார்.

மூட்டை வைப்பது உப்பு விற்கும் பிச்சமுத்துதான். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதில் வைத்துத்தான் அளந்து விற்கிறார். சண்டை போடத்தான் போனேன். என்னைக் கண்டதும், "வாங்க ஆத்தா, உங்க மக இல்லேன்னா இந்த முதுகு எப்பவோ ஒடிஞ்சிருக்கும், இந்த ரோட்டுல வேற யாரு தாங்குறா" என்று சிரித்தார். ஒரு படி உப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் கொண்டுவந்தால் பேர் நிற்கும், ஆனால் சுமை இறக்க யார் வருவார்கள்? பிறத்தியார் இறக்க இறக்கத்தானே அவளுக்கும் இறங்கும். நினைத்து நினைத்துச் சோறு செல்லவில்லை. கடைசியில் அங்கேயே இருக்கட்டும் என்று ரெங்கராஜிடம் சொல்லிவிட்டேன், கோபப்படாதே. பிச்சமுத்துவை மூட்டைக்கு அடியில் சாக்கு விரிக்கச் சொன்னேன், விரிக்கிறார், லாரிக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

வேளைக்குச் சாப்பிடு, மருமகளை அதட்டாதே. மூவரும் தீர்க்காயுசாக இருக்க என் ஆசீர்வாதம். ஒன்று மறக்காதே, லீவுக்கு வரும்போது நேரே வீட்டுக்கு வராதே. ரோட்டில் இறங்கி, உன் பெட்டியைக் கொஞ்ச நேரம் அக்கா மேல் வைத்துவிட்டு வா. அவள் பேர் இருக்கும்போதே வா.

இப்படிக்கு உன் அம்மா
காளியாயி