கட்டிலுக்கு அடியில் ஒரு சைலன்ஸர்

இன்று காலை கட்டிலுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தேன். விளக்குமாறு எதிலோ டங்கென்று இடித்தது. குனிந்து இழுத்துப் பார்த்தால், பழைய போர்வையில் சுற்றிய உங்கள் சைலன்ஸர். பிரித்ததும் கருகிய எண்ணெய் வாசனை அறை முழுக்கப் பரவியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போகிறவர் இந்த இரும்பையும் கொண்டுபோயிருக்கக் கூடாதா என்று வாய்விட்டே திட்டினேன்.

வருஷத்துக்கு ஒரு முறைதான் இதற்கு வேலை. முல்கியாவை, அதாவது பதிவு அட்டையைப் புதுப்பிப்பதற்காக வண்டியைப் பாஸிங்குக்குக் கொண்டுபோகும் முன்னால், ஊரைக் கூட்டும் உங்கள் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, வண்டியோடு வந்த இந்தச் சாதுவை மாட்டுவீர்கள். சோதனை முடிந்து காகிதம் கைக்கு வந்ததும், "கலாஸ், முடிஞ்சுது! இனி அடுத்த வருஷம்தான்" என்று சிரிப்பீர்கள். சத்தம் வண்டிக்குத் திரும்பிவிடும், சாது என் கட்டிலுக்கு அடியில் வந்து படுத்துவிடும்.

இந்த மாதம் முல்கியா முடிகிறது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு வண்டி நம் பாப்பாவின் பெயருக்கு மாறியாகிவிட்டது. விற்றுவிடலாம் என்று அவளும் நானும் பேசி வைத்திருந்தோம். எதிரே மணலில் சும்மா நிற்கிற வண்டி. தூசி படிந்து கிடந்தால் முனிசிபாலிட்டிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வாரா வாரம் நான்தான் இறங்கிப் போய்த் துடைக்கிறேன். ஆமாம், நானேதான். சிரிக்காதீர்கள்.

நீங்கள் லேபர் கேம்ப்பில் இருந்த காலத்தில் மற்றவர்கள் கட்டில் பக்கத்துச் சுவரில் சாமி படம் ஒட்டியபோது, நீங்கள் சிவப்புக் கார் படம் ஒட்டியிருந்தீர்களாம். உங்கள் ரூம்மேட் சொல்லித்தான் எனக்குத் தெரியும். லீவு நாளில் ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு பஸ் பிடித்துத் திரும்புவீர்களாம். அந்த ஆசை கடைசிவரை விடவில்லை. பின்னால் சம்பளம் கொஞ்சம் கூடி, அஜ்மானில் வீடு எடுத்து எங்களை அழைத்துக்கொண்ட பிறகு, ஒன்றை விற்று ஒன்றாக மூன்று கார் வாங்கினீர்கள். மூன்றும் யாரோ ஓட்டிக் கழித்தவை. மூன்றுக்கும் இரண்டே சீட்.

முதல் வண்டியைக் காட்ட என்னைக் கீழே கூப்பிட்ட நாள் நினைவிருக்கிறதா? பாப்பா என் இடுப்பில் இருந்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஏங்க, உங்களுக்கு என்ன பைத்தியமா? வீட்டுல மூணு பேரு. ரெண்டு சீட்டு வண்டிய எவனாவது வாங்குவானா?"

"அதுக்கென்ன, ஒவ்வொருத்தரா கூட்டிட்டுப் போறேன்" என்றீர்கள். உலகத்தில் இதைவிடச் சுலபமான கணக்கே இல்லை என்பதுபோல ஒரு முகம்.

குடும்பமாக எங்காவது போவதென்றால் டாக்ஸிதான். ஆனால் பாப்பா தனியாக உட்காரும் வயது வந்த பிறகு, சொன்னபடியே செய்தீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வாரம் என் முறை, ஒரு வாரம் அவள் முறை. என் முறையன்று அவள் பக்கத்து ஃபிளாட்டில் போய் உட்கார்ந்திருப்பாள். மஸாஃபி மலை வரை போவோம். வழியில் கரக் டீக்கடை முன்னால் நிறுத்தி ஹாரன் அடிப்பீர்கள். டீ கொண்டுவருகிறவர் நம்மைத் தேடி முட்டிவரை குனிவார், அவ்வளவு தாழ்வான வண்டி. இறங்கி ஏறுவதற்குள் இடுப்பு வலியில் உயிர் போகும். அந்தச் சத்தமோ, கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

நம் இரண்டாவது குழந்தை தங்காமல் போனது. வீட்டில் நான் அழவே இல்லை. சமைத்தேன், துவைத்தேன், பாப்பாவுக்குப் பின்னல் போட்டேன். என் முறை வந்த வெள்ளிக்கிழமை, வரமாட்டேன் என்றவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனீர்கள். ஊரைத் தாண்டியதும் கியரைக் குறைத்து, வண்டியை அலறவிட்டீர்கள். "இந்தச் சத்தத்துல எனக்குக்கூடக் கேக்காது. அழு" என்றீர்கள். மலை வரும்வரை அழுதேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு நான் அந்தச் சத்தத்தைத் திட்டியதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்குத்தான். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

நேற்று ஷார்ஜாவிலிருந்து ஒருவர் காரைப் பார்க்க வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் கூட வந்திருந்தார்கள். அவர் உங்களைப் போலவே பானட்டைத் தடவித் தடவிச் சுற்றி வந்தார். அந்தப் பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"அக்கா, இதுல நாங்க நாலு பேரும் எப்படிக்கா போறது?"

"அதுக்கென்ன, ஒவ்வொருத்தரா கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றேன். சொன்ன பிறகுதான் யாருடைய வார்த்தை என்று உறைத்தது. பாப்பா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தார். "வண்டி சூப்பர்க்கா. இந்தச் சத்தம்தான் நமக்கு ஆகாது. ஒரிஜினல் சைலன்ஸர் இருந்தா குடுங்க, மொதல்ல அத மாட்டிருவேன்" என்றார். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அதைத்தான் இன்று விளக்குமாறு தேடிக் கொடுத்தது.

பாப்பாவுக்கு இன்று டூட்டி இல்லை. தரையில் சைலன்ஸரோடு உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் வந்து அவளும் உட்கார்ந்தாள்.

"அம்மா, உன்னோட டர்ன்ல அப்பா என்ன பேசுவாரு?"

"ஒண்ணும் பேச மாட்டார். நான்தான் பேசுவேன்."

"எனக்கும் அப்படித்தான். டாக்டருக்குப் படிக்க மாட்டேன்னு ஃபர்ஸ்ட் அவர்ட்ட சொன்னது அந்த சீட்லதான். மலை வந்து, டீ குடிச்சு, திரும்பி வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. வீட்டு வாசல்ல மட்டும், 'அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்'னாரு."

நீங்கள் பேசிய லட்சணம் எனக்குத் தெரியாதா? அந்த வாரமே முறை மாறி என்னையும் மலைக்குக் கூட்டிப்போய், அவள் படிப்பைப் பற்றி என்னையே பேசித் தீர்க்க விட்டதன் காரணம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

வண்டியைக் கொடுக்க மனமில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். "ஆர் யூ ஷ்யூர், அம்மா?" என்று கேட்டவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஷார்ஜாக்காரருக்கு அவளே போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். கியர் வண்டி லைசென்ஸ்தான் எடுக்க வேண்டும் என்று நீங்கள் அவளிடம் பிடிவாதம் பிடித்தது வீண்போகவில்லை. மெக்கானிக்கிடம் போய் இந்தச் சாதுவை மாட்டிக்கொண்டு பாஸிங்குக்குப் போனாள். கிளம்பியபோது ஜன்னலில் நின்று பார்த்தேன். திரும்பி வந்தாலும் சத்தமில்லாமல்தான் வரும் என்று நினைத்துக்கொண்டே சமையலறைக்குப் போனேன்.

இத்தனை வருஷமும் நீங்கள் சாலை முனையில் திரும்பும்போதே சமையலறைக்குச் சத்தம் கேட்டுவிடும். கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். நீங்கள் வண்டியை நிறுத்தி, துணி போட்டு மூடி, இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மேலே வர, கல் காய்ந்திருக்கும். நீங்கள் போன பிறகு எப்போது கல் வைப்பது என்றே எனக்குத் தெரிவதில்லை.

ஒரு மணி நேரத்துக்கு முன் பாப்பா போன் செய்தாள். "பாஸ் ஆயிடுச்சும்மா. மெக்கானிக்கிட்ட நிக்கிறேன். இதே இருக்கட்டுமா, இல்ல சத்தம் போடுற பழசையே மாட்டவான்னு கேக்குறாரு."

எத்தனை வருஷம் அந்தச் சத்தத்தோடு சண்டை போட்டவள் நான்! "பழசையே மாட்டச் சொல்லு" என்றேன். "அடுத்த வெள்ளிக்கிழமை என் முறை. ஞாபகம் வெச்சுக்கோ."

இவ்வளவுதான் எழுத முடியும். சாலை முனையில் சத்தம் கேட்கிறது. நான் போய்க் கல்லை வைக்க வேண்டும்.