மாட்டி முடித்த பலகை

என் வீட்டம்மாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் உடைந்த இடுப்பு எலும்பு கூடிவருகிறதா? அவரைத் தூக்கி உட்காரவைத்தே உனக்கு வந்த முதுகுவலி தேவலையா?

போன வாரம் இங்கே ஒரு கூத்து. சீலிங் பலகையை நான் இரண்டு கையாலும் தலைக்கு மேல் தாங்கிக்கொண்டு நிற்க, மேஸ்திரி ஏணியில் நின்று திருகாணி போட்டார். அவர் முடித்து இறங்கிய பிறகும் நான் அப்படியே நின்றேன்.

“யோவ், மாட்டியாச்சு, விடுய்யா! நீ விட்டா கட்டடம் விழுந்துடுமா?”

விடத்தான் பார்த்தேன், கை மரத்துப்போய் இறங்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

பயப்படாதே. வேலையிடத்து நர்ஸம்மா கையைப் பிடித்துவிட்டார். “இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தா தசைக்குள்ள போற ரத்தக்குழாயே நசுங்கிடும். ரத்தம் போகாத தசை சீக்கிரம் சோர்ந்துடும். அப்பப்போ தளர்த்தி விடுங்க” என்றார்.

கையில் சுற்றிக்கொள்ள உன் பழைய நூல் சேலையில் ஒரு துண்டு அனுப்பு. துவைக்க வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அம்மாவைத் தூக்க உன் தம்பி வந்தால், “நானே பாத்துக்கிறேன்” என்று திருப்பி அனுப்பாதே. கொஞ்ச நேரம் விடு. வீடு விழுந்துவிடாது.

உன்னவன்