மாம்பழப் படம் போட்ட டின்

சனிக்கிழமை இரவு, அபிராமபுரம்.

பெங்களூரில் கடை கடையாக ஏறி இறங்கி, அந்த ஊரிலேயே சின்ன அளவில் காய்ச்சும் பீர் மூன்று டின் வாங்கி வந்தேன். மாம்பழச் சுவை. டின்னிலும் மாம்பழப் படம்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா பையைப் பிரித்துவிட்டாள். வெளியூரிலிருந்து எது வந்தாலும் முதலில் சுவாமிக்குக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். மூன்று டின்னும் பூஜையறையில், விளக்குக்கு முன்னால், தலையில் பூவோடு நின்றன.

"மாம்பழ ஜூஸாடா?"

"ஆமாம்மா."

அப்படிச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஒன்றைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள். நுரையைப் பார்த்து, "சோடா கலந்திருக்கான் போல" என்றாள். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "கசக்கறது. ஆனா நீ ஆசையா வாங்கிண்டு வந்திருக்கே." மிச்சம் வைக்காமல் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாக்கி ரெண்டையும் கார்த்தால பாட்டு கத்துக்க வர்ற குழந்தைகளுக்குக் குடுத்துடறேன்" என்று சொல்லிப் படுத்தவள், இன்று சீக்கிரமே தூங்கிவிட்டாள்.

எனக்கு நாற்பது வயது. எழுப்பி உண்மையைச் சொல்லலாம். அதைவிட, சுவாமி முன்னாலிருந்து திருடுவது சுலபமாக இருக்கிறது.